சர்வர் மேம்படுத்தலுக்குப் பின் வந்த பழுதுகளும் கும்பகோணத்தில் கிடைத்த சேவையும்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட ஊர்களின் நெல் விவசாயிகள் பங்குதாரர்களாக இருக்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கும் அலுவலக நிர்வாகமும் பார்க்கிறேன். விதை நெல் விற்பனை, உரக் கடன், டிராக்டர் மற்றும் அறுவடை இயந்திர வாடகை, உறுப்பினர்களின் பங்குத் தொகை என எங்கள் வேலை முழுவதும் 2017-இல் எழுதி வாங்கிய ஓர் இணையச் செயலியில்தான் நடக்கிறது. கடந்த மே மாதக் கடைசியில் அந்தச் செயலி இருந்த சர்வரின் மென்பொருள் மேம்படுத்தப்பட்டது. மறுநாள் காலை செயலி பாதி வேலை செய்தது, பாதி வேலை செய்யவில்லை. கும்பகோணத்தில் இருவர் நடத்தும் ஒரு சிறு பழுதுநீக்கும் சேவையை அழைத்தோம். அவர்கள் எட்டு நாள் வேலை செய்து அதை மீட்டுத் தந்தார்கள்.

அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. இருவரால் இதற்கு மேல் வேலை ஏற்க இயலாது என்பதால் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர் எழுதவில்லை. ஆனாலும் அவர்கள் வேலை செய்த முறையை விரிவாக எழுதுவது, இதே நிலையில் சிக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது உதவும் என்று நம்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரிந்த பிழைகளைப் பலரும் சரிசெய்திருப்பார்கள். திரையில் தெரியாமல் கணக்கைத் தவறாக்கிக்கொண்டிருந்த ஒரு பிழையை இவர்கள் தேடிப் பிடித்தார்கள். அதற்காகவே நான் இவர்களைப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் என்ன மாறியது என்பதைச் சொல்ல வேண்டும். பழைய சர்வரில் உபுண்டு 18.04 என்ற இயங்குதளம், செயலியின் நிரலை ஓடவைக்கும் பிஎச்பி 7.2, தரவுகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் 5.7 ஆகியவை இருந்தன. புதியதில் உபுண்டு 24.04, பிஎச்பி 8.3, மைஎஸ்க்யூஎல் 8.0. இந்த மாற்றம் தேவையற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பிஎச்பி 7.2-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பரிலும், உபுண்டு 18.04-க்கான பொது ஆதரவு 2023 மே மாதத்திலும், மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான ஆதரவு அதே ஆண்டு அக்டோபரிலும் முடிந்துவிட்டன. உறுப்பினர்களின் நிலச் சான்றுகளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இத்தனை காலம் அதில் ஓட்டியதே தவறு. அந்தத் தவறு எங்களுடையது. என் மனக்குறை மாற்றம் செய்த காலத்தைப் பற்றியது மட்டுமே. சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனம் இரண்டு வாரம் முன்னதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மே கடைசியில் எங்கள் கோப்புகளைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றிவிட்டது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்றங்கால் போடத் தொடங்கிவிடுவார்கள். ஆண்டு முழுவதிலும் எங்கள் விதைக் கவுண்டரில் கூட்டம் நிற்கும் வாரம் அதுதான்.

மாற்றம் நடந்த மறுநாள் காலையில் கண்டவை இவை. உள்நுழையும் பக்கமும் உறுப்பினர் சேர்க்கைப் படிவமும் திறந்தன. விற்பனைச் சீட்டுப் பக்கத்தைத் திறந்தால் ஒரு எழுத்துகூட இல்லாத வெள்ளைத் திரை. கிராம வாரியான பட்டியல்களைத் தொட்டால், பக்கம் கிடைக்கவில்லை என்று 404 பிழை வந்தது. திறந்த பக்கங்களில் எண்கள் சரியாக இருந்தன, தமிழ்ப் பெயர்கள் மட்டும் புரியாத குறிகளாகச் சிதைந்திருந்தன. சர்வர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, சர்வர் நல்ல நிலையில் ஓடுகிறது என்றும், செயலியின் நிரலுக்குத் தங்களால் பொறுப்பேற்க இயலாது என்றும், பழைய இயந்திரத்தைக் கோப்பு எடுத்துக்கொள்வதற்காக மட்டும் 15 நாள் வைத்திருப்போம் என்றும் சொன்னார்கள். ஒப்பந்தப்படி அது சரியான பதில்தான். செயலியை எழுதியவர் வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டு நாள் நாங்களாகவே முயன்று பார்த்தோம். அந்த இரண்டு நாளில் பெயர்கள் சிதைந்திருப்பதைக் கண்ட எங்கள் கவுண்டர் ஊழியர், புதிதாகச் சேர்ந்தவர்களை வழக்கம்போல் பதிவு செய்துகொண்டே இருந்தார். அதன் விலை பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர்கள் இருவரும் வந்தார்கள். சென்னையில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அக்காவும் தம்பியும். வந்ததும் விசைப்பலகையைத் தொடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, "இந்த ரெண்டு நாள்ல யாரெல்லாம் எதை மாத்துனீங்க சார்?" என்பதுதான். நாங்கள் செய்த ஒவ்வொன்றையும் ஒரு தாளில் நேர வரிசையில் எழுதச் சொன்னார். தம்பி அதற்குள் புதிய சர்வரின் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் அன்றிருந்த நிலையிலேயே ஒரு நகலும், பழைய இயந்திரத்திலிருந்து இன்னொரு நகலும் எடுத்துவிட்டார். பழுதான நிலையையும் நகலெடுக்க வேண்டும், ஏனென்றால் நாம் செய்யும் திருத்தம் நிலைமையை இன்னும் மோசமாக்கினால் திரும்பி வருவதற்கு அந்த இடமாவது இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். நகல் எடுத்து முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆனது. கவுண்டரில் ஆட்கள் காத்திருக்க, அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு மிகுந்த தவிப்பாக இருந்தது. ஆயினும் பிறகு இரண்டு முறை அந்த நகலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

அவர்கள் செய்த முதல் திருத்தம் நாங்கள் புகார் சொன்ன எதைப் பற்றியதும் அல்ல. 404 பிழையைப் பார்த்ததும் அக்கா, உறுப்பினர்களின் சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். செயலிக்குள்ளேயே ஒரு கோப்புறையில் இருப்பதாகச் சொன்னேன். தன் கைப்பேசியில், கடவுச்சொல் எதுவும் இல்லாமல், அந்தக் கோப்புறையின் முகவரியைத் தட்டிக் காட்டினார். ஒரு உறுப்பினரின் ஆதார் நகல் அப்படியே திறந்தது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. எங்கள் செயலி, பக்க முகவரிகளை ஒழுங்குபடுத்தவும் அந்தக் கோப்புறையைப் பூட்டவும் எச்டிஆக்சஸ் என்ற சிறு கோப்புகளை நம்பியிருந்தது. பக்கங்களை அனுப்பித்தரும் அப்பாச்சி என்ற மென்பொருளின் புதிய அமைப்பில் அத்தகைய கோப்புகளைப் படிக்க வேண்டாம் என்பதே இயல்பான விதி. பழைய சர்வரில் அந்த விதியை யாரோ தளர்த்தி வைத்திருந்தார்கள், புதியதில் யாரும் தளர்த்தவில்லை. ஆகவே பட்டியல் பக்கங்கள் காணாமல் போனதற்கும் பூட்டு திறந்துகொண்டதற்கும் காரணம் ஒன்றே. பட்டியல் வராதது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, பூட்டு திறந்திருந்தது தெரியவில்லை. கால் மணி நேரத்தில் அந்தக் கோப்புறையை இணையத்திலிருந்து எட்ட முடியாத இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு அணுகல் பதிவேட்டைப் புரட்டி, அந்த இரண்டு நாளில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே யாரும் அதைத் திறக்கவில்லை என்பதை வரி வரியாகக் காட்டினார்கள்.

வெள்ளைத் திரைக்கான காரணங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பிழையைத் திரையில் காட்டாதே என்று சர்வரில் அமைத்திருந்ததால் திரை வெறுமையாக இருந்தது. பிழைப் பதிவேட்டில் எல்லாம் எழுதியிருந்தது. பட்டியலைச் சுற்றிவரப் பயன்படும் 'ஈச்' என்ற பழைய செயற்கூறு பிஎச்பி 8.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. நெளி அடைப்புக்குறியால் ஒரு சொல்லின் எழுத்தை எடுக்கும் பழைய முறையும் அப்போதே போய்விட்டது. தமிழ் எழுத்துகளை வெட்டாமல் கையாளும் எம்பிஸ்ட்ரிங் நீட்சி புதிய சர்வரில் நிறுவப்படவே இல்லை. எங்கள் உழவர் குழுக்களின் அட்டவணைக்கு 2017-இல் ஆங்கிலத்தில் 'குரூப்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள், மைஎஸ்க்யூஎல் 8.0 அந்தச் சொல்லைத் தன் சொந்தக் கட்டளைக்கென ஒதுக்கிக்கொண்டதால், அந்தப் பெயரைக் குறிப்பிடும் ஒவ்வொரு கட்டளையும் நின்றது. இவற்றோடு, முன்பு கிராம வாரியாகத் தொகுத்தாலே அகர வரிசையில் வந்த பட்டியல் இப்போது கலைந்து வந்தது. தொகுக்கும்போது தானாக வரிசைப்படுத்தும் வழக்கத்தை மைஎஸ்க்யூஎல் 8.0 கைவிட்டுவிட்டதால், வரிசை வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

இதில் ஒன்று மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டியது. பிஎச்பி 8.1 முதல், தரவுத்தளக் கட்டளை தோற்றால் நிரல் அங்கேயே நிற்கும். அதற்கு முன் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கள் செயலியில், யார் எந்தச் சீட்டைத் திருத்தினார் என்று குறித்துவைக்கும் ஒரு கட்டளை, அட்டவணையில் இல்லாத ஒரு புலத்தின் (நெடுவரிசையின்) பெயரைக் குறிப்பிட்டு எழுதப்பட்டிருந்தது. அது தொடக்கத்திலிருந்தே ஒருமுறைகூட நிறைவேறியதில்லை. சீட்டுத் திருத்தங்களுக்குப் பதிவு இருக்கிறது என்று தணிக்கையாளரிடம் ஆண்டுதோறும் நான் சொல்லிவந்தேன். அப்படி ஒரு பதிவே இல்லை என்பது இந்த மேம்படுத்தலால்தான் தெரிந்தது. நின்றுபோன வரியை நீக்கிவிட்டுப் பக்கத்தை ஓடவைப்பது எளிது. அவர்கள் அந்த வரியின் நோக்கம் என்ன என்று என்னிடம் கேட்டு, புலத்தைச் சரியாக அமைத்து, பதிவு உண்மையிலேயே எழுதப்படுவதைக் காட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனார்கள்.

இனி தமிழ் எழுத்துகள். இது நம் ஊரில் தமிழில் கணக்கு வைக்கும் எவருக்கும் நேரக்கூடியது என்பதால் விரிவாக எழுதுகிறேன். சிதைந்த பெயர்களை உற்றுப் பார்த்தால் அவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. தலைக்கு மேல் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்து ஒன்று, அடுத்து பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகச் சின்னம், பிறகு வேறு ஏதோ ஒரு குறி; இந்த மும்மூன்றான வரிசையே திரும்பத் திரும்ப வந்தது. தம்பி ஒரு வெள்ளைத் தாளில் 'க' என்று எழுதி விளக்கினார். கணினி எழுத்துகளைப் பைட்டு என்ற சிறு அலகுகளாகச் சேமிக்கிறது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, அதோடு சேரும் துணைக்குறி, மெய்யின் புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி) மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. தமிழின் எல்லாக் குறிகளுக்கும் முதல் பைட்டு ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. அந்த மூன்று பைட்டுகளையும் ஒரே எழுத்தாகப் படிக்காமல் மூன்று லத்தீன் எழுத்துகளாகப் படித்தால் திரையில் வருவது அந்த மும்மூன்று குறிகள்தான்.

அப்படியானால் ஏழெட்டு ஆண்டுகளாக எப்படிச் சரியாகத் தெரிந்தது? எங்கள் அட்டவணைகள் தொடக்கத்திலிருந்தே, ஒவ்வொரு பைட்டையும் ஒரு லத்தீன் எழுத்தாகக் கொள்ளும் லத்தீன்-1 குறியாக்கத்தில் இருந்திருக்கின்றன, ஏனென்றால் அந்தக் கால மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு அது. செயலியும் தரவுத்தளத்தோடு பேசும்போது குறியாக்கத்தைக் குறிப்பிடாததால் லத்தீன்-1 என்றே பேசியது. இரு பக்கமும் ஒரே தவறைச் செய்ததால், உள்ளே போன பைட்டுகள் போனபடியே வெளியே வந்து தமிழாகத் தெரிந்தன. மைஎஸ்க்யூஎல் 8.0-இன் இயல்பு யூடிஎஃப்8எம்பி4, அதாவது முழு யூடிஎஃப்-8. செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பு அதற்கு மாறியது, அட்டவணை பழையபடி நின்றது. ஒரு பக்கம் மட்டும் திருந்தியதால் சிதைவு வெளிப்பட்டது.

அன்று மாலைக்குள் கவுண்டர் திறக்க வேண்டியிருந்ததால், இணைப்பைத் தற்காலிகமாக லத்தீன்-1 என்றே அமைத்து, பெயர்களைத் தெரியவைத்தார்கள். இது தற்காலிக ஏற்பாடு என்று எழுதியும் கொடுத்தார்கள். நிலையான திருத்தத்தை இரண்டு நாள் கழித்து இரவில் செய்தார்கள். அட்டவணையை நேரடியாகப் புதிய குறியாக்கத்துக்கு மாற்றச் சொன்னால், மைஎஸ்க்யூஎல் அந்த லத்தீன் குறிகளை உண்மையான எழுத்துகள் என்று எண்ணி, சிதைவையே நிரந்தரமாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு புலத்தையும் முதலில் எழுத்து என்ற அடையாளமே இல்லாத வெறும் பைட்டுகளாக மாற்றி, அதன் பிறகு யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவிக்க வேண்டும். நகலின் மீது முதலில் செய்து பார்த்தபோது, சில பெயர்களில் மாற்றம் நின்றுவிட்டது. காரணம் இன்னொரு பழைய குறை. பெயருக்கு 50 இடம் ஒதுக்கியிருந்தார்கள். லத்தீன்-1 புலத்தில் அது 50 பைட்டு. 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரில் 15 குறிகள், அதாவது 45 பைட்டு. முன்னால் 'சு.' என்று முதலெழுத்தும் புள்ளியும் சேர்த்தால் 52. ஆகவே கடைசி 'தி'-யின் இகரக் குறி ஒரு பைட்டோடு வெட்டுப்பட்டு, 'சு.கிருஷ்ணமூர்த்த' என்றும் ஒரு உடைந்த குறி என்றும் கிடந்தது. முழுமையற்ற அந்த ஒற்றைப் பைட்டை எந்தத் தமிழ் எழுத்தாகவும் அறிவிக்க இயலாது என்று மைஎஸ்க்யூஎல் மறுத்தது.

இங்கே அவர்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பெயர்களை ஊகித்து நிரப்பிவிடலாம். பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் பங்குச் சான்றிதழில் ஏறும் பெயரை ஊகிக்க மாட்டோம் என்று சொல்லி, வெட்டுப்பட்ட பெயர்களைத் தனிப் பட்டியலாக எங்களிடம் கொடுத்தார்கள். எங்கள் களப் பணியாளர்கள் குடும்ப அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றையும் நிரப்பினார்கள். இன்னொரு பட்டியலையும் கொடுத்தார்கள்: நாங்களாக முயன்ற இரண்டு நாளில் பதிவான 23 பெயர்கள். லத்தீன்-1 புலத்துக்குள் யூடிஎஃப்8எம்பி4 இணைப்பு வழியாகத் தமிழை எழுத முயன்றதாலும், பழைய அமைப்பைத் தொடர்ந்து, பொருந்தாத தரவை ஏற்காமல் மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்ததாலும், அவை வெறும் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டிருந்தன. "இது மட்டும் திரும்பி வராது சார். பைட்டே உள்ள இல்ல" என்று தம்பி நேராகச் சொன்னார். விண்ணப்பத் தாள்கள் எங்கள் பீரோவில் இருந்ததால் மீண்டும் தட்டச்சு செய்தோம்.

அடுத்து வருவதுதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. கவுண்டர் மீண்டும் திறந்த மறுநாள், வெள்ளைத் திரை இல்லை, 404 இல்லை, பெயர்கள் தமிழில் தெரிந்தன, பிழைப் பதிவேடு காலியாக இருந்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். முற்பகலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு உறுப்பினர் ஆடுதுறை 53 என்ற நெல் ரகத்தின் விதை வாங்க வந்தார். கணினியில் அவர் எண்ணைத் தட்டியதும் 'நிலுவை உண்டு, கடன் விற்பனை இல்லை' என்று சிவப்பில் வந்தது. கவுண்டர் ஊழியர் அதை உரக்கப் படித்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போன தையிலேயே கட்டி ரசீது வாங்கிட்டேனே தம்பி. எம் பேருல பாக்கியா?" என்று கேட்டுவிட்டு, விதை வாங்காமலே வெளியேறினார். காவிரிப் படுகையில் ஒரு விவசாயியை நாலு பேர் நடுவில் பாக்கிக்காரர் என்று சொல்வது எத்தகைய அவமானம் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன். தை மாதத்தில் முழுத் தொகையும் கட்டியிருந்தார்.

தொலைபேசியில் சொன்னதும் அக்கா, அந்த ஒரு கணக்கைத் திருத்தித் தரவில்லை. அன்று மாலை பழைய பிஎச்பி 7.2-ஐத் தங்கள் கணினியில் தனியாக அடைத்த ஒரு சூழலில் நிறுவி, எங்கள் செயலியை அதில் ஒன்றாகவும் புதிய 8.3-இல் ஒன்றாகவும் ஓடவிட்டு, எல்லா உறுப்பினர்களின் கணக்குப் பக்கத்தையும் இரண்டிலும் திறந்து, வந்த விடைகளை வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு இரண்டு விடையும் வேறுபட்டன. எல்லாம் ஒரே வகை: கடன் வாங்கி முழுவதும் கட்டி முடித்தவர்கள்.

காரணம் ஒரே வரி. நிலுவை பூச்சியமா என்று பார்க்கும் வரி அது. கடனே வாங்காதவர்களின் நிலுவைப் புலத்தில் '0' என்று இருந்தது. கட்டி முடித்தவர்களுக்கோ, 2017-இன் நிரல் அந்தப் புலத்தை வெறுமையாக்கிவிடும். பூச்சியமும் வெற்றுச் சொல்லும் சமமா என்று கேட்டால் பிஎச்பி 7 சமம் என்று சொல்லும். பிஎச்பி 8 சமம் இல்லை என்று சொல்லும். இந்த மாற்றம் பிஎச்பி 8.0-இல் திட்டமிட்டுக் கொண்டுவரப்பட்டது, தர்க்கப்படி அதுவே சரியும்கூட. ஆனால் இதற்கு எந்த எச்சரிக்கையும் பதிவேட்டில் விழாது. நிரல் நிற்காது. பக்கம் அழகாகத் திறக்கும். கடனை ஒழுங்காகக் கட்டியவர்கள் அனைவரும், அவர்கள் மட்டும், பாக்கிக்காரர்களாகக் காட்டப்பட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த ஒரு பெரியவரின் புலத்தில் பூச்சியத்தை இட்டிருந்தால், அன்றைக்கு அது தீர்ந்ததாகவே தோன்றியிருக்கும். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே சொல்லைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் அந்த வரியை மட்டுமல்லாமல், நிரல் முழுவதிலும் இப்படி ஒப்பிடும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் வெற்றுப் புலம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். இயந்திர வாடகையில் முன்பணம் வெறுமையாக இருந்தால் அது பூச்சியம். பரப்பளவு வெறுமையாக இருந்தால் அது பூச்சியம் அல்ல, விடுபட்ட தகவல். இந்த வேறுபாடு கணக்குத் தெரிந்தவருக்குத்தான் தெரியும் என்று அவர்கள் உணர்ந்து கேட்டது முக்கியம். எங்கள் தலைவர் அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டு விதையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதே ஒப்பீட்டில் நேரக் குழப்பமும் வெளிவந்தது. புதிய சர்வரில் நேர மண்டலம் அமைக்கப்படாமல் உலகப் பொது நேரத்தில் இருந்ததால், விடியற்காலை 5.10-க்கு உழவு தொடங்கியதாக ஓட்டுநர் கைப்பேசியில் இட்ட பதிவு, முந்தைய நாள் இரவு 11.40 என்று ஏறியிருந்தது. காலை 5.30-க்கு முன் தொடங்கிய வேலைகள் எல்லாம் ஒரு நாள் பின்னால் போயிருந்தன. அமைப்பில் ஒரு வரியும், தவறாகப் பதிவான சில வாடகைச் சீட்டுகளும் திருத்தப்பட்டன.

இனி குறைகள். முதலாவது குறுஞ்செய்தி. கடன் தவணை நினைவூட்டல், தினமும் மாலையில் தானாகப் போகும் வேலை. அதைப் புதிய சர்வரில் இயக்கியபோது, பழைய இயந்திரத்தில் அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. இரண்டு மாலை, உறுப்பினர்களுக்கு ஒரே செய்தி இருமுறை போனது. நிலுவைக் குழப்பம் நடந்த அதே வாரத்தில் இது நடந்ததால் மேலும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. தவறை ஒப்புக்கொண்டு, அந்தச் செய்திகளுக்கான கட்டணத்தைத் தங்கள் ரசீதில் கழித்துக்கொண்டார்கள். ஆயினும் இவ்வளவு கவனமானவர்கள் முதல் நாளே எழுதிவைக்க வேண்டிய ஒன்று இது.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. ஒப்பீட்டுக்காக எங்கள் தரவு முழுவதும் அவர்களுடைய மடிக்கணினிக்குப் போனது. வேலைக்கு அது தேவைதான். ஆனால் வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம் என்ற எழுத்துப்பூர்வ உறுதியை நான் கேட்ட பிறகே கொடுத்தார்கள். ஆதார் நகல்கள் வெளியில் தெரிந்ததை முதலில் பிடித்தவர்கள் இவர்கள்தான் என்பதால், இதைக் கேட்காமலே தருவார்கள் என்று எதிர்பார்த்தேன். இவர்களை, அல்லது வேறு யாரை அழைத்தாலும், முதல் நாளே அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டணம் மணிக் கணக்கில். தொடங்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று சொல்ல மறுத்துவிட்டார்கள்; பதிவேட்டைப் பார்க்காமல் சொல்லும் தொகை பொய்யாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் வாதம். எங்கள் இயக்குநர் குழுவுக்கு அது எளிதில் ஏற்கவில்லை. இறுதியில் வந்த தொகை, ஒரு குறுவைப் பருவத்தில் எங்கள் டிராக்டருக்கு ஆகும் பழுதுச் செலவைவிடக் குறைவு. அது நியாயமான தொகை என்றே நினைக்கிறேன். நாள்தோறும் மாலையில் அன்றுவரை ஆன மணி நேரத்தைச் சொல்லிவிடுவதால் கடைசியில் அதிர்ச்சி எதுவும் இல்லை. அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் தந்தார்கள். என்ன மாறியது, எங்கே மாறியது என்று வரிக்கு வரி எழுதிய நல்ல அறிக்கை அது. ஆனால் எங்கள் இயக்குநர்களில் பலரால் படிக்க இயலவில்லை. கேட்டதும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதிக்கொடுத்தார்கள். வாயால் இவ்வளவு தெளிவாகத் தமிழில் விளக்குபவர்கள் முதலிலேயே தமிழில் எழுதித் தரலாம்.

இவர்கள் யாருக்கு ஏற்றவர்கள் என்றால், சொந்தமாக எழுதி வாங்கிய பழைய செயலியை வைத்துக்கொண்டு, அதில் உண்மையான மனிதர்களின் பணக் கணக்கை நடத்துபவர்களுக்கு. ஒரு மணி நேரத்தில் பக்கம் திறந்தால் போதும் என்பவர்களுக்கு இவர்களுடைய வேகம் பொறுமையைச் சோதிக்கும். இரவு ஏழு மணிக்கு மேல் தொலைபேசியை எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போகும்போது புதிய சர்வரிலேயே ஒரு சோதனைப் பிரதியை அமைத்துத் தந்திருக்கிறார்கள். ஒப்பிடும் நிரலையும் அதோடு விட்டுச் சென்றிருக்கிறார்கள்; இரண்டு பதிப்புகளில் எல்லா உறுப்பினர் கணக்கையும் திறந்து வேறுபாட்டை மட்டும் பட்டியலிடும், எங்கள் ஊழியரே இயக்கிவிடலாம். அடுத்த மாற்றத்துக்கான காலத்தையும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், கடன் வசூல் முடிய மாசி கடந்துவிடும். அதன் பிறகு குறுவை விதைக்கு ஆட்கள் வரும்வரை கவுண்டரில் கூட்டம் இருக்காது. சர்வரில் எந்தப் பெரிய மாற்றமானாலும் பங்குனியில்தான் செய்ய வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன் சோதனைப் பிரதியில் செய்து காட்ட வேண்டும் என்று சர்வர் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். அவர்களும் ஒப்புக்கொண்டு பதில் அனுப்பியிருக்கிறார்கள்.